தினமும் தேவனோடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் வாரந்தோறும் கூடும் ஜெபக்குழுவிலும், ஏற்காட்டு மலைக் கிராமங்களுக்குப் போகும்போதும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. கேட்டவர்களில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையார் உண்டு, கத்தோலிக்கர் உண்டு, பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் போகிறவர்கள் உண்டு, எந்தச் சபையிலும் சேராமல் வேதாகமத்தை மட்டும் வாசிக்கிறவர்களும் உண்டு. லண்டன் மிஷன் ஊழியர்கள் சேலத்துக்கு வந்தது 1827இல். கத்தோலிக்க மறைமாவட்டம் அமைந்தது 1930இல். இத்தனை தலைமுறைகளுக்குப் பிறகும், ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்த பின் தயங்கித் தயங்கிக் கேட்கப்படுபவை அடிப்படைக் கேள்விகள்தாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேட்டவர்களின் வார்த்தைகளைக் கூடியவரை அப்படியே வைத்திருக்கிறேன். வசனங்கள் பெரும்பாலான புராட்டஸ்டண்டு வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை.

தினமும் தேவனோடு நேரம் செலவிட வேண்டும் என்கிறார்கள். உட்கார்ந்து என்னதான் செய்வது?

வேதத்தில் ஒரு சிறு பகுதியை அவசரப்படாமல் வாசியுங்கள். அதில் மனதைத் தொட்டதையோ உறுத்தியதையோ அவரிடமே சொல்லுங்கள். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்" என்கிறது 46ஆம் சங்கீதம். தொடங்குகிறவர்களுக்குப் பதினைந்து நிமிடம் தாராளமாகப் போதும்.

இது வருகைப் பதிவு போடும் வேலை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சீஷர்களிடம் இயேசு, "இனி நான் உங்களை ஊழியக்காரரென்று சொல்லுகிறதில்லை" என்றார், சிநேகிதர் என்றார். சிநேகிதரிடம் போகிறவர் கணக்குக் காட்டப் போவதில்லை, உள்ளதை உள்ளபடி பேசப் போகிறார். கோபத்தோடு இருந்தால் கோபத்தோடு வாருங்கள். சந்தேகம் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். பிசாசு பிடித்த பிள்ளையோடு வந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னார். இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. கீழே வரும் பதில்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒன்றைச் சார்ந்தே நிற்கின்றன: மறைக்காமல் வருவது.

பைபிளை எங்கிருந்து தொடங்குவது? ஆதியாகமத்தில் ஆரம்பித்து லேவியராகமத்தில் நின்றுவிட்டேன்.

லேவியராகமத்தில் நின்றவர்கள் நிறையப் பேர். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். மொத்தம் 16 அதிகாரங்கள். நாளைக்கு அரை அதிகாரம் வாசித்தாலும் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடிந்துவிடும். இயேசு என்ன செய்தார், யாரோடு சாப்பிட்டார், எதற்குக் கோபப்பட்டார் என்பதெல்லாம் அதில் விறுவிறுவென்று வரும். கூடவே ஒரு சங்கீதம். 117ஆம் சங்கீதத்துக்கு இரண்டே வசனங்கள், 119ஆம் சங்கீதத்துக்கு 176. அன்றைய நாளுக்குத் தக்கதாகப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே வருடத்தில் முழு வேதாகமத்தையும் வாசிக்கும் அட்டவணையை ஜனவரியில் பல சபைகள் கொடுக்கின்றன. 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள். நாளைக்கு மூன்று, சில நாட்களில் நான்கு. வாசிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது நல்லது. புதியவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. பிப்ரவரியில் பத்து நாள் பின்தங்கினால், அட்டவணையை எட்டிப்பிடிப்பதே ஜெபமாகிவிடுகிறது.

பழைய தமிழ் புரியவில்லை. வேறு மொழிபெயர்ப்பு வாசித்தால் தவறா?

தவறே இல்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்ததிலிருந்து மொழிபெயர்ப்புகள் மாறிக்கொண்டேதான் வருகின்றன. கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியம் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. அதன் உரைநடை இன்றைய வாசகருக்கு எளிது. மனப்பாடம் செய்யப் பழையதையும், புரிந்துகொள்ளப் புதியதையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நல்ல பழக்கம் அது.

காலை நான்கு மணிக்கு எழுந்தால்தான் ஜெபம் கேட்கப்படுமா? எனக்கு இரவு ஷிப்ட்.

இயேசு "அதிகாலையில், இருட்டோடே எழுந்து" வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு எழுதுகிறார். முந்தின நாள் சூரியன் அஸ்தமித்த பிறகும் ஊரே வாசலில் திரண்டு நின்றது. அவருக்குத் தனிமை கிடைக்கக்கூடிய நேரம் அதிகாலைதான். அதே வேதத்தில் இராமுழுதும் ஜெபித்த இயேசுவும் இருக்கிறார். "அந்தி சந்தி மத்தியான வேளைகளிலும்" முறையிடும் சங்கீதக்காரன் இருக்கிறார். நடுராத்திரியில் சிறைக்குள் ஜெபித்துப் பாடிய பவுலும் சீலாவும் இருக்கிறார்கள். கடிகாரத்தில் எந்த மணிக்கும் தனி மகிமை இல்லை.

உங்களுக்கு ஓரளவு விழிப்பும் ஓரளவு அமைதியும் இருக்கும் நேரம் எது என்று பாருங்கள். விசைத்தறியில் இரவு வேலை பார்த்துவிட்டு விடியற்காலையில் வீடு திரும்புகிறவர் தூங்கி எழுந்த பிறகு மாலையில் உட்காரட்டும். மலையில் நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் பருவம். அந்த மாதங்களில் எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்களுக்குக் காலையில் மூச்சுவிட நேரம் இருக்காது. மதியம் சாப்பிட்டுவிட்டுச் செடி ஓரத்தில் உட்காரும் சில நிமிடங்கள்தான் அவர்களுடைய ஜெபநேரம். நேரம் எதுவானாலும் தினமும் அதே நேரமாக இருக்கட்டும். பழக்கம் ஊன்றுவது அப்படித்தான்.

எங்கள் வீடு ஒரே அறை. முன்பக்கம் தறி, பின்பக்கம் அடுப்பு. "அறைவீட்டுக்குள் பிரவேசித்துக் கதவைப் பூட்டு" என்றால் நான் எங்கே போவேன், அக்கா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் சமையலை முடித்து, பாவாடைத் துணியில் கை துடைத்துக்கொண்டே கேட்டார். பின்னால் தறிச் சத்தம் நிற்கவேயில்லை. இயேசு அப்படிச் சொன்ன இடத்தைப் பாருங்கள்: மனுஷர் காணும்படி வீதிச் சந்திகளில் நின்று ஜெபிக்கிறவர்களைப் பற்றிப் பேசும்போது சொன்னது அது. பிறர் பார்க்க ஜெபிக்காதே என்பதே அதன் சாரம். தனி அறை இல்லாத ஏழையை அது ஒதுக்கவில்லை. அவருக்கே தலை சாய்க்க இடமில்லை.

அன்னாள் ஆலயத்தில் ஜெபித்தபோது உதடு மட்டும் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. ஆசாரியன் ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டார். ஆனால் அந்த ஜெபம் கேட்கப்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து மடம் ஒன்றில் சமையல்காரராக இருந்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரங்களின் சந்தடிக்கு நடுவே தேவனோடு பேசப் பழகிக்கொண்டவர். தறி ஓடட்டும். அந்தச் சத்தத்துக்குள் நீங்கள் சொல்வதை வேறு யாரும் கேட்க முடியாது என்பதே உங்களுக்குக் கிடைத்த கதவு. ஏற்காட்டிலிருந்து இறங்கும் பஸ்ஸில், இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஜெபிக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். கீழே வந்து சேர்வதற்குள் குடும்பம், பக்கத்து வீடு, வேலை இடம் எல்லாம் முடிந்துவிடுமாம்.

உட்கார்ந்த உடனே மனம் அலைகிறது. இல்லாவிட்டால் தூக்கம் வருகிறது. இது பாவமா?

கெத்செமனேயில் சீஷர்கள் மூவரும் தூங்கினார்கள். இயேசு வருத்தத்தோடுதான் எழுப்பினார். ஆனாலும், "ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது" என்று அவர்களுக்காக அவரே பரிந்து பேசினார். தூக்கம் வந்தால் எழுந்து நின்றோ நடந்துகொண்டோ ஜெபியுங்கள். தினமும் தூக்கம் வந்தால் முதலில் இரவில் சரியாகத் தூங்குங்கள்.

மனம் அலைவதைப் பற்றி ஒன்று சொல்வேன். அது எங்கே போகிறது என்று கவனியுங்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போகிறதா, மாமியார் சொன்ன ஒரு வார்த்தைக்குப் போகிறதா? அப்படியானால் ஜெபிக்க வேண்டிய காரியம் அதுதான். அதை ஒதுக்கித் தள்ளிவிட்டு எதைப் பற்றி அவரிடம் பேசப் போகிறீர்கள்? கைபேசி மட்டும் வேறு அறையில் இருக்கட்டும். வேறு அறை இல்லாதவர்கள் அணைத்து வைத்துவிடுங்கள்.

நான் ஜெபித்தால் "கொடும், கொடும்" என்பதைத் தவிர வேறு எதுவும் வருவதில்லை.

கேட்பது தாழ்ந்த ஜெபம் இல்லை. "கேளுங்கள், அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும்" என்று சொன்னவர் அவரே. அவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் அன்றன்றுள்ள ஆகாரமும் இருக்கிறது. வரிசையை மட்டும் கவனியுங்கள். பிதாவின் நாமம், அவருடைய ராஜ்யம், அவருடைய சித்தம் முதலில் வருகின்றன, அப்பம் அதற்குப் பிறகு, மன்னிப்பு அதையொட்டி. அந்த ஜெபத்தை ஒவ்வொரு வரியாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் உங்கள் சொந்த வார்த்தையில் இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொல்லிப்பாருங்கள். நன்றி சொல்வதும் பாவ அறிக்கையும் தாமாகவே உள்ளே வந்துவிடும்.

அச்சிட்ட ஜெபத்தையும் ஜெபமாலையையும் சொல்வது உதட்டு ஜெபம் என்கிறாரே என் தங்கை?

கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்து வந்த கேள்வி. தங்கை பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறார். சிலுவையில் இயேசு, "என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று கதறியது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. தாங்க முடியாத வேதனையில், ஏற்கெனவே எழுதப்பட்ட ஒரு ஜெபம் அவருடைய வாயில் வந்தது. எழுதிய ஜெபத்தையும் உள்ளத்தோடு சொல்லலாம். சொந்த வார்த்தையையும் பழக்கதோஷத்தில் உளறலாம். அக்காவும் தங்கையும் ஒருவர் ஜெபத்தை மற்றவர் எடைபோடுவதை விட்டுவிட்டு ஒரு நாள் சேர்ந்து ஜெபித்தால் நன்றாக இருக்கும்.

பல நாட்கள் விட்டுப்போய்விட்டது. மறுபடி போய் நிற்க வெட்கமாக இருக்கிறது.

இன்றே உட்காருங்கள். விட்டுப்போன நாட்களுக்குச் சேர்த்து இரண்டு மணி நேரம் ஜெபிக்கப் பார்க்காதீர்கள்; வழக்கமான பதினைந்து நிமிடம் போதும். இயேசு சொன்ன உவமையில், வீட்டைவிட்டுப் போய்த் திரும்பிவந்த இளைய குமாரன் மனப்பாடம் செய்து வந்த மன்னிப்புப் பேச்சை முழுதாகச் சொல்லி முடிக்கும்வரைகூடத் தகப்பன் காத்திருக்கவில்லை.

ஆலயத்துக்குப் போகாமல் வீட்டிலேயே யூடியூபில் ஆராதனை பார்த்தால் போதாதா?

நோயாளிகளுக்கும், மலையில் மழைநாளில் இறங்க முடியாதவர்களுக்கும் அது பெரிய உதவி. மற்றவர்களுக்குப் போதாது. "சபை கூடிவருதலை" விட்டுவிடாதிருங்கள் என்று எபிரெயர் நிருபம் சொல்லும் அதே மூச்சில், ஒருவரையொருவர் கவனித்து அன்புக்கும் நற்கிரியைக்கும் ஏவச் சொல்கிறது. திரையில் தெரிகிற போதகர் உங்களை அறியமாட்டார். உங்கள் வீட்டில் சாவு நேர்ந்தால் வந்து நிற்கப்போகிறவர்கள் உங்களோடு பெஞ்சில் உட்காருகிறவர்கள்தாம்.

காணிக்கை அனுப்பினால் உங்களுக்காக விசேஷமாக ஜெபிப்போம் என்று டிவியில் சொல்கிறார்களே?

அனுப்பாதீர்கள். தேவனுடைய வரத்தைப் பணத்தால் வாங்கப் பார்த்த சீமோனிடம், "உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப்போகக்கடவது" என்றார் பேதுரு. கடன் வாங்கிக் காணிக்கை அனுப்பிய விதவைகளை நான் பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு இதைவிட மென்மையான பதில் என்னிடம் இல்லை. உங்களுக்காக ஜெபிக்கச் சபையில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாரும் பணம் கேட்கமாட்டார்கள்.

முன்பெல்லாம் ஜெபித்தால் கண்ணீர் வரும். இப்போது எதுவுமே உணர முடியவில்லை. தேவன் என்னை விட்டுவிட்டாரா?

இல்லை. உணர்ச்சி வரும், போகும். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13ஆம் சங்கீதம் கேட்கிறது. 88ஆம் சங்கீதம் கடைசி வசனம் வரையில் ஒரு துளி ஆறுதல்கூட இல்லாமல் முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். இருட்டில் பேசுவதும் ஜெபமே. வார்த்தையே வராவிட்டால், ஆவியானவர் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8இல் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருங்கள். நேரத்தை மட்டும் விடாதீர்கள்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாக வேண்டும் என்று கேட்டபோது தேவன் அவருக்குப் பிரசங்கம் அனுப்பவில்லை. தூங்க விட்டார், தூதன் தட்டி எழுப்பித் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்க விட்டார். தேவனுடைய மெல்லிய சத்தம் வந்தது அதற்கெல்லாம் பிறகு. வாரக்கணக்கில் தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் பிடிப்பில்லை, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். விசுவாசம் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால், எலியாவைக் காட்டுங்கள்.

புத்தாண்டு ஆராதனையில் எனக்கு எரேமியா 29:11 வாக்குத்தத்தமாக வந்தது. வருடம் முடியப்போகிறது, ஒன்றும் நடக்கவில்லை.

"அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற அந்த வசனம் நம் வீட்டுச் சுவர்களில் அதிகம் தொங்குகிறவற்றில் ஒன்று. அதற்கு முந்திய வசனத்தைப் படித்தீர்களா? பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு உங்களைத் திரும்பிவரப் பண்ணுவேன் என்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் சொந்த ஊரைத் திரும்பப் பார்க்கப்போவதில்லை. இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகும் என்று சொன்னவன் அனனியா. அவனைப் பொய்த் தீர்க்கதரிசி என்கிறது முந்திய அதிகாரம்.

எழுபது வருடமும் என்ன செய்யச் சொன்னார்? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், சிறைப்பட்டுப்போன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்றார். புத்தாண்டில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் வரும் வசனத்தை நான் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் எடுக்கிறோம். அதை எடுத்த கையோடு அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்துவிடுங்கள். டிசம்பருக்குள் நடக்கும் என்று தேவன் சொல்லாததை அவர் தலையில் கட்டி, பிறகு அவரிடமே கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஜெபக்குழுவில் ஒருவர், "இந்த வரனைக் கட்டிக்கொள், கர்த்தர் சொன்னார்" என்கிறார். மறுத்தால் கீழ்ப்படியாமை ஆகுமா?

ஆகாது. "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று பவுல் எழுதியது தீர்க்கதரிசனங்களைப் பற்றிப் பேசிய உடனே. சொன்னது வேதத்தோடு பொருந்துகிறதா, சொன்னவருக்கு அதில் ஆதாயம் உண்டா, உங்களை நன்கு அறிந்த முதிர்ந்த விசுவாசிகள் இரண்டு மூன்று பேர் என்ன சொல்கிறார்கள், உங்கள் சொந்த ஜெபத்தில் என்ன தெளிகிறது என்று பாருங்கள். உடனே முடிவெடு, யாரிடமும் சொல்லாதே என்று அவசரப்படுத்தினால் விலகி நில்லுங்கள். உங்கள் கல்யாணத்தைப் பற்றித் தேவனுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால், தினமும் அவரோடு பேசும் உங்களிடம் சொல்ல அவருக்கு என்ன தயக்கம்?

அந்நியபாஷை வரவில்லை. எனக்குள் பரிசுத்த ஆவி இல்லையா?

"எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?" என்று பவுலே கேட்கிறார்; இல்லை என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்கும் கேள்வி அது. வந்தவர்கள் நன்றி சொல்லட்டும். வராதவர்களுக்கு மேலே சொன்ன ரோமர் 8இன் பெருமூச்சு உண்டு. ஆவி இருப்பதை எதைக்கொண்டு அறிவது என்பதற்குக் கீழே வருகிறேன்.

வீட்டில் நான் ஒருத்திதான் விசுவாசி. பைபிளைத் திறந்தாலே சண்டை.

சேலத்தில் இது அரிதான கதை இல்லை. அவிசுவாசியான புருஷரும் "போதனையின்றி" மனைவிகளின் நடக்கையினாலேயே ஆதாயப்படுத்தப்படக்கூடும் என்று பேதுரு எழுதுகிறார். சண்டை வரும் நேரத்தில் பைபிளைத் திறக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு சங்கீதத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், 23ஆம் சங்கீதத்துக்கு ஆறே வசனங்கள். குடும்ப விசேஷங்களில் எதில் கலந்துகொள்வது, எதில் ஒதுங்குவது என்பதை உங்கள் ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ பேசி முடிவு செய்யுங்கள். எதில் ஒதுங்கினாலும் அன்பில் ஒதுங்காதீர்கள்.

ஆனால் அடிக்கிறார் என்றால் பேச்சு வேறு. அடியைப் பொறுத்துக்கொண்டே இருக்கப் பேதுரு சொன்னார் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது; நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, பாதுகாப்பான இடத்துக்கு வாருங்கள்.

எத்தனையோ உபவாசம் இருந்தும் கணவரின் நோய் தீரவில்லை. தேவன் எங்களை வெள்ளியைப் போலப் புடமிடுகிறார் என்கிறார்கள். அப்படியா?

கொலுசுப் பட்டறைகள் நிறைந்த ஊர் என்பதால் இந்த வசனம் நம் பிரசங்கங்களில் அடிக்கடி வரும். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் வெள்ளி உருக்குகிறவரைப் பார்த்திருப்பீர்கள். மூசையில் வெள்ளியை இட்டு, வெண்காரம் தூவி, உருகிப் பளபளக்கும் வரை கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருப்பார். 961 டிகிரி செல்சியஸில் உருகும் உலோகம் அது. பார்வை விலகினால் சரக்கு கெடும். "அவர் உட்கார்ந்து வெள்ளியைப் புடமிட்டுச் சுத்திகரித்துக்கொண்டிருப்பார்" என்று மல்கியா 3:3இல் வருவதைக் கேட்கும்போது நமக்கு அந்த மனிதர்தான் நினைவுக்கு வருவார்.

ஆனால் மல்கியா அங்கே பேசுவது நோயாளியைப் பற்றி அல்ல. லேவியின் புத்திரரை, அதாவது ஆலயத்தில் பணிசெய்கிறவர்களைச் சுத்திகரிப்பதைப் பற்றி. இரண்டு வசனம் தள்ளி 3:5இல், எவற்றுக்கு விரோதமாக அவர் வருகிறார் என்ற பட்டியல் இருக்கிறது: பொய்யாணை, கூலிக்காரரின் கூலியை அபகரிப்பது, விதவைக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் பரதேசிக்கும் அநியாயம் செய்வது. சுட்டெரிக்க வேண்டிய அழுக்கு அது. படுக்கையில் இருக்கும் உங்கள் கணவரிடம் "உன்னைப் புடமிடுகிறார்" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

பவுல் தன் மாம்சத்தில் முள் என்று சொன்ன உபத்திரவம் நீங்க மூன்று தரம் வேண்டினார், நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் கிடைத்தது. ஏன் சிலருக்குக் குணம், சிலருக்கு இல்லை என்று வேதம் விளக்கவில்லை, நானும் விளக்கப்போவதில்லை. மருந்தை நிறுத்தாதீர்கள். நோயாளியைக் கவனிக்கிற நீங்கள் உபவாசம் இருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கோபமாக இருந்தால், முதல் கேள்வியில் சொன்னபடி, அந்தக் கோபத்தோடேயே அவரிடம் போங்கள்.

நான் வளர்கிறேனா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எத்தனை மணி நேரம் ஜெபித்தோம், எத்தனை அதிகாரம் வாசித்தோம் என்பதை வைத்து அறிய முடியாது. ஆவியின் கனி என்று கலாத்தியர் 5 ஒன்பதைச் சொல்கிறது: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். இவற்றில் பெரும்பாலானவை தனியாக இருக்கும்போது வெளியே தெரியாது. அடுத்தவர் நடுவில்தான் தெரியும். ஆகையால் உங்களோடு வாழ்கிறவர்களைக் கேளுங்கள். போன வருடத்தைவிட இந்த வருடம் நான் கத்துவது குறைந்திருக்கிறதா என்று பிள்ளைகளிடம் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

வேலை கொடுக்கிறவர்கள் மல்கியா 3:5ஐத் திரும்பவும் வாசியுங்கள். மாலையில் காப்பிப் பழ மூட்டையைத் தராசில் ஏற்றும்போது முள் நிற்கும் முன்பே எடையைச் சொல்லிவிடுகிறோமா? பட்டறையில் கூலிக்காரர் கணக்கில் சேதாரத்தைக் கூட்டி எழுதுகிறோமா? வயல் அறுத்தவர்களுடைய கூலி பிடிக்கப்பட்டால் அது கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு. காலையில் கண்ணீரோடு ஜெபித்துவிட்டு மாலையில் தராசில் கை வைக்கிறவர் வளரவில்லை.

எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் பாகப்பிரிவினைக்குப் பிறகு அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை. அதை விட்டுவிட்டு வளர முடியாதா, அக்கா?

முடியாது. உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்றார் இயேசு. யார்பேரில் தப்பு என்று அங்கே அவர் கேட்கவில்லை. நினைவுக்கு வந்தவர் எழுந்து போக வேண்டும். தினமும் ஜெபத்தில் அண்ணன் முகம் வந்து போகிறது என்று நீங்களே சொன்னீர்கள். மனம் அலைவதைப் பற்றி மேலே எழுதியதை ஒருமுறை பாருங்கள்.

ஒப்புரவாவது என்றால் சொத்தை விட்டுக்கொடுப்பது என்று அர்த்தமில்லை. நியாயமான பங்கைக் கேட்கலாம். வழக்கு நடக்கிறதென்றால் நடக்கட்டும். அதற்காக அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போகாமல் இருக்க வேண்டியதில்லை, வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்ப வேண்டியதில்லை. முதலில் அவருடைய பெயரைச் சொல்லி அவருக்கு நன்மை உண்டாக ஜெபியுங்கள். தொடக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்ல வரும், பரவாயில்லை. பிறகு ஒரு பண்டிகை நாளில் பலகாரத்தோடு அவர் வீட்டுக்குப் போங்கள். நிலத்தைப் பற்றி அன்றைக்குப் பேச வேண்டாம்.

கதவைத் திறக்காவிட்டால்? "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்கிறது ரோமர் 12. உங்களாலானது இவ்வளவுதான் என்று ஆன பிறகு மீதி உங்கள் கையில் இல்லை. அண்ணி வாங்கிக்கொள்வார் என்றால் பலகாரத்தை அவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள், அடுத்த பண்டிகைக்கும் போங்கள்.